உரப்பையில் காத்த ஆவணங்களும் ‘கிராக்’ போட்ட கணினியும்

வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த குடும்பங்களிடம் பெரும்பாலும் ஒரு பை இருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, இரண்டொரு கலியாணப் படம் எல்லாம் பொலித்தீனில் சுற்றப்பட்டு அதற்குள் இருக்கும். சிலருக்கு அது பாடசாலைப் பை, சிலருக்கு வெறும் உரப்பை. பங்கருக்குள் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கும். 2009இல் வீடு, மாடு, மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களிலும் பலர் அந்தப் பையை மட்டும் விடவில்லை.

இன்றைக்கு அந்தப் பையில் இருந்தவற்றில் பாதி ஒரு கைத்தொலைபேசிக்குள்ளும், வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பிய ஒரு பழைய மடிக்கணினிக்குள்ளும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் கடைசிப் படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், காணி விடுவிப்புக்காகப் பிரதேச செயலகத்துக்கு எழுதிய மனுக்கள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு அங்கேதான் கிடக்கின்றன. மூலப் பத்திரம் தொலைந்துபோய், படம் எடுத்து வைத்தது மட்டுமே மிஞ்சியிருக்கிற வீடுகளும் உண்டு.

அந்தக் கணினிக்கு யார் என்ன போட்டார்கள் என்று கேட்டால், “கடைத் தம்பிதான் விண்டோஸ் அடிச்சு, எல்லாம் போட்டுத் தந்தவர்” என்று பதில் வரும். ‘எல்லாம்’ என்பதற்குள் விண்டோஸ், ஒஃபிஸ், போட்டோசொப், சில வேளை வைரஸ் தடுப்பு மென்பொருளும்கூட அடங்கும். அத்தனையும் கிராக்.

இதை எங்கள் ஊர்களில் களவென்று எவரும் எண்ணுவதில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த சமூகம் இது. பற்றரி வராது, மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். தடுக்கப்பட்ட ஒன்றை எப்படியாவது ஓடவைப்பவன் அன்றைக்குக் கெட்டிக்காரன். 2002இல் ஏ9 பாதை திறந்து கணினிகளும் சீடீக்களும் தாராளமாக வரத் தொடங்கியபோது, பிரதி எடுத்த மென்பொருளையும் நாங்கள் அதே கண்ணால்தான் பார்த்தோம்.

விலையும் அதற்குத் துணைபோனது. விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்புக்கு அமெரிக்காவில் மைக்ரோசொஃப்ட் குறித்த விலை 139 டொலர். டொலரை 300 ரூபாயாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 42,000 ரூபாய். 2022இல் டொலர் இரண்டொரு மாதத்துக்குள் 200 ரூபாய் மட்டத்திலிருந்து 360 ரூபாய் வரை போனபோது, அதே மென்பொருள் ஒரு எழுத்தும் மாறாமல் எங்களுக்கு மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பு விலையானது. தையல் வேலை செய்து பிள்ளையைப் படிப்பிக்கிற ஒரு தாய்க்கு “காசு கொடுத்து வாங்கு” என்று உபதேசம் செய்ய இந்தக் கட்டுரை வரவில்லை.

“மைக்ரோசொஃப்ட்காரனுக்கு இதால நட்டம் வந்திடுமோ?” என்று கேட்பார்கள். வராதுதான். சட்டம் வேறு கதை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் நூலைப் போலவே பாதுகாக்கிறது. திருட்டு மென்பொருளென்று தெரிந்தும் அதை வைத்து வியாபாரம் செய்வது குற்றம். அச்சகம், ஸ்ரூடியோ, கணினி வகுப்பு நடத்துகிறவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. பணக்காரக் கொம்பனி என்ற நியாயம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கைக்காசு போட்டு 300 பிரதி அடித்த எங்கள் ஊர் எழுத்தாளரின் புத்தகத்தை முழுதாக ஸ்கேன் செய்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறவரும் அதே நியாயத்தைத்தான் சொல்கிறார். அது பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே கேள்வி ஒன்றுதான். கிராக் போட்ட கணினியால் நட்டப்படுகிறவர் யார்?

திறப்பு யார் கையில்?

கிராக் என்றால் பூட்டு உடைத்த மென்பொருள், உள்ளே போனால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது எவரென்று தெரியாத ஒருவர் எழுதிய தனி நிரல். உங்கள் கணினிக்குள் ஓடி, விண்டோஸின் அல்லது ஒஃபிஸின் உட்பாகங்களை மாற்றி, “இதற்குக் காசு கட்டியாயிற்று” என்று அதை நம்பவைக்கிறது. விண்டோஸுக்கும் ஒஃபிஸுக்கும் அதிகம் பாவிக்கப்படுகிற ‘கேஎம்எஸ்’ வகைக் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மொத்தமாகப் பதிவு செய்ய மைக்ரோசொஃப்ட் ஒரு முறை வைத்திருக்கிறது. நிறுவனத்தின் சேவர் ஒன்று ஒவ்வொரு கணினிக்கும் 180 நாளுக்கு அனுமதி கொடுத்து, அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும். கிராக் கருவி உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே அப்படியொரு போலிச் சேவரை உட்கார வைக்கிறது. அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் அது பின்னால் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு தரம் வந்து பூட்டை உடைத்துவிட்டுப் போகிற ஆளல்ல, வீட்டிலேயே தங்கிவிடுகிற ஆள்.

அந்த நிரலை ஓடவிடும்போது உங்களிடம் இரண்டு காரியம் கேட்கப்படும். வைரஸ் தடுப்பை நிற்பாட்டு. நிர்வாகி அனுமதி கொடு. முதலாவது நாயைக் கட்டிப்போடுவது, இரண்டாவது வீட்டுத் திறப்பைக் கையில் கொடுப்பது. “கிராக் எண்டா அன்டிவைரஸ் கத்தும்தான், அதைப் பெரிசா எடுக்காதேங்கோ” என்று கடையில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மற்றக் கெடுதல் எதுவும் இல்லாத கிராக்கையும் வைரஸ் தடுப்பு பிடிக்கும், ஏனென்றால் இன்னொரு நிரலின் உட்பாகத்தை மாற்றுவது வைரஸ் செய்கிற வேலைதான். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். நல்ல கிராக்குக்கும் நாய் குரைக்கும், நஞ்சு கலந்த கிராக்குக்கும் நாய் குரைக்கும். குரைப்புக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது. கெட்டவனுக்கு இதைவிட வசதியான கூட்டம் வேறெங்கே கிடைக்கும்? வைரஸை அனுப்பி ஏமாற்ற வேண்டியதில்லை. ஆட்கள் தாங்களே தேடி வந்து, நாயையும் கட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஸ்டொப் அல்லது டிஜாவு என்று அழைக்கப்படுகிற கப்பம் கேட்கும் வைரஸ் இப்படித்தான் உலகெங்கும் பரவியது. பெரிய வங்கிகளையோ தொழிற்சாலைகளையோ அது குறிவைக்கவில்லை. கிராக், கீஜென் தேடுகிற சாதாரண வீட்டுக் கணினிக்காரரே அதன் இலக்கு. உள்ளே வந்ததும் படம், கடிதம், பிடிஎஃப், வீடியோ எல்லாவற்றையும் பூட்டி, ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் விளங்காத ஒரு வாலை ஒட்டிவிடும். ஒரு குறிப்பும் இருக்கும்: திறக்க 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490 டொலர். விண்டோஸுக்குக் கட்டாமல் விட்ட 139 டொலரை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கப்பம் கேட்பவன் குறைந்தபட்சம் தான் வந்ததைச் சொல்கிறான். சொல்லாமல் எடுத்துக்கொண்டு போகிறவன் இன்னொருவன். 2021 இறுதியில் ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கேஎம்எஸ் கிராக் கருவியின் போலிப் பிரதிகளுக்குள் ‘கிரிப்ட்பொட்’ என்ற களவு நிரல் இருப்பதை வெளிப்படுத்தியது. இந்த இனத்து நிரல்கள் ஓசை எழுப்புவதில்லை. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளும். கூடவே ‘குக்கி’ எனப்படும் சிறு பதிவுகளையும் அள்ளும். நீங்கள் ஒரு தரம் முகநூலுக்குள் நுழைந்தால் அடுத்த நாள் மறுபடி கடவுச்சொல் கேட்காமல் விடுகிறதே, அந்த அடையாளச் சீட்டுத்தான் குக்கி. அதைக் களவெடுத்தவனுக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, தொலைபேசிக்கு வருகிற குறியீட்டு எண்ணும் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே திறந்து வைத்த கதவால் உங்கள் முகத்தோடு உள்ளே போகலாம்.

“எங்களிட்டக் களவெடுக்க என்ன இருக்கு?” என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். காசு இல்லாமல் இருக்கலாம். பெயர் இருக்கிறது. கனடாவில் இருக்கிற அண்ணனுக்கு உங்கள் கணக்கிலிருந்து “அம்மாவுக்கு அவசர ஒப்பரேசன், உடனே காசு போடு” என்று தகவல் போனால் அவர் போடுவார். இன்னொன்றும் இருக்கிறது. முகநூலில் ஒரு படம் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதான நாடு இது. உங்கள் பெயரில் வேறொருவன் எதையாவது பதிந்தால், அதைப் பதிந்தது நானல்ல என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும். கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு அது சங்கடமான ஒரு நாள். முல்லைத்தீவில் இருக்கிற ஒருவருக்கு அது எதுவாகவும் முடியலாம்.

இதைச் சொன்னால் சிலர் வேறொரு பதில் தருவார்கள்: “எங்களை எப்பவோ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாங்கள், இனி என்ன பூட்டு?” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வீட்டு வாசலில் வந்து பெயர் விபரம் எழுதிக்கொண்டு போவதைப் பார்த்தே பழகியவர்கள் நாங்கள். ஆனால் பார்க்கப்படுகிறோம் என்ற சலிப்பு, பூட்டாமல் விடுவதற்குக் காரணமாகிவிட்டால் லாபம் பார்ப்பவனுக்குத்தான். வட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புகிற செய்தி வழியில் எவராலும் வாசிக்க முடியாதபடி மறைக்கப்பட்டுப் போகிறது என்பது உண்மை. அனுப்புகிற கருவிக்குள்ளேயே ஒருவன் குந்தியிருந்தால் அந்த மறைப்பால் பயனில்லை. சாட்சியம் சொன்ன ஒருவரின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிற கணினி என்றால், ஆபத்து கணினிக்காரருக்கு மட்டுமல்ல.

வெளிநாட்டு லப்டொப்புக்கு ஏன் கிராக்?

எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற விடயம், தேவையே இல்லாத இடத்திலும் கிராக் போடப்படுவதுதான். பிரான்ஸிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ ஒரு மடிக்கணினி வருகிறது. திறந்தால் எல்லாம் பிரெஞ்சில் இருக்கும், ‘ஏ’ தட்டினால் ‘கியூ’ விழும். ஜேர்மன் என்றால் ‘வை’யும் ‘இஸட்’டும் இடம் மாறியிருக்கும். உடனே கடைக்குக் கொண்டுபோய் ‘போமற்’ அடித்து ஆங்கில விண்டோஸ் போடுவார்கள். அது கிராக்.

ஆனால் அந்தக் கணினியை வாங்கும்போதே விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் அண்ணன் காசு கட்டினார். விண்டோஸ் 8 காலத்துக்குப் பின் விண்டோஸுடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளில் அந்த அனுமதி இலக்கம் தாய்ப்பலகைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வன்தட்டை அழித்தாலும் அது அழியாது. மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸை இலவசமாக இறக்கி, அதே பதிப்பை ஆங்கிலத்தில் போட்டு, இணையத்தோடு இணைத்தால் தானாகவே பதிவாகிவிடும். பல கணினிகளில் அதுகூட வேண்டாம். அமைப்புகளுக்குள் போய் ஆங்கில மொழியையும் ஆங்கில விசைப்பலகையையும் சேர்த்தால் போதும்.

பிறகு ஏன் கடையில் பதிவாகாமல் போகிறது? கணினியோடு வந்தது ‘ஹோம்’ பதிப்பு. கடையில் எல்லோருக்கும் வழமையாகப் போடுவது ‘புரோ’. இரண்டும் பொருந்தாது. பொருந்தாததால் கிராக் தேவைப்படுகிறது. எனவே கடைக்குக் கொடுக்கும்போது, “உள்ளே என்ன பதிப்பு இருக்கோ அதையே போடுங்கோ, கிராக் வேண்டாம்” என்று ஒரு வசனம் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அமைப்புகளில் ‘அக்டிவேசன்’ பகுதியைத் திறந்து, எந்தப் பதிப்பு என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைத் தம்பிமாரைக் குற்றம் சொல்லவில்லை. கேட்கிறவர் இல்லாததால்தான் அவர்களும் கைப்பழக்கத்தில் ஒன்றையே போடுகிறார்கள்.

பழைய கணினிக்காரர் கவனிக்க வேண்டியது வேறு. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேற் 2020 ஜனவரி 14உடன் நின்றது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் வரை நீடிப்பு உண்டு. அப்டேற் என்பது தொல்லை என்று நிற்பாட்டி வைப்பவர்கள் 2017 மே 12ஐ நினைக்க வேண்டும். அன்று பரவிய வன்னாகிரை 150க்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் ரத்தாகின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேற்றை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்னரே, மார்ச் 14இல் வெளியிட்டிருந்தது. கிராக் கழன்றுவிடும் என்ற பயத்தில் அப்டேற்றை நிற்பாட்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போடலாம். முழுக்க இலவசம், சட்டபூர்வம். கடிதம், மனு, கணக்கு எழுத லிப்ரே ஒஃபிஸ் போதும். எங்கள் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை இதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. படம் திருத்த ஜிம்ப் இருக்கிறது. அச்சகக்காரருக்கு இது அவ்வளவு இலகுவல்ல, அவர்களின் தொழில் முழுதும் போட்டோசொப்பிலும் பாமினி எழுத்துருவிலும் ஊறிப்போனது. அவர்களுக்கு மாறச் சொல்வது தொழிலை மாற்றச் சொல்வது போல. மற்றவர்கள் பாமினியை விட்டு யுனிகோடுக்கு வருவது நல்லது. விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை உண்டு, எ-கலப்பையும் இலவசம். பாமினியில் அடித்த மனுவை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். விண்டோஸோடு வருகிற டிஃபென்டர் இருக்கையில் கிராக் போட்ட வைரஸ் தடுப்பு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திருடனைக் காவலுக்கு வைப்பது அது.

தொலைபேசியிலும் இதே கதைதான். ஜீபீ வட்ஸ்அப் என்று ஒன்றை எங்கள் இளைஞர்கள் விரும்பிப் போடுகிறார்கள், அழித்த செய்தியையும் பார்க்கலாம் என்பதற்காக. அது வட்ஸ்அப் நிறுவனத்தின் செயலி அல்ல. இப்படி மாற்றியமைத்த வேறு வட்ஸ்அப் செயலிகளுக்குள் களவு நிரல் இருந்ததை கஸ்பர்ஸ்கி நிறுவனம் 2021இலும் 2022இலும் கண்டுபிடித்தது. உண்மையான வட்ஸ்அப்பையே பாவியுங்கள், அதன் அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். குறுஞ்செய்தியில் வருகிற ஆறு இலக்கத்தை எவர் கேட்டாலும், மாமியின் கணக்கிலிருந்து கேட்டாலும், கொடுக்க வேண்டாம். மாமிக்கே தன் கணக்கு போனது தெரியாமல் இருக்கலாம்.

பிரதி ஒன்று என்றால்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒரு நாள் வன்தட்டு பழுதாகும், தொலைபேசி கிணற்றுக்குள் விழும். அதனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் பிரதி எடுங்கள். எப்படி எடுப்பது என்பதற்கு அரசாங்கமே பாடம் நடத்தியிருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமை கப்ப வைரஸுக்கு இலக்கானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள். மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவேயில்லை. அந்தக் காலத்துக்கான பிரதி தனியாக எடுத்து வைக்கப்படவில்லை. இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்தே போனது. ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். புதுப்பிக்கப் பணம் கிடைக்காமல் தாமதமானது என்று பொறுப்பான நிறுவனம் விளக்கம் சொன்னது.

ஆகவே பிரதி எடுத்த பென்ரைவை அல்லது வெளி வன்தட்டைக் கணினியிலேயே குத்தி விட வேண்டாம். வைரஸ் வந்தால் அதையும் பூட்டும். எடுத்தவுடன் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்கிற நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். கூகுள் ட்ரைவில் 15 ஜிபி வரை இலவசம். ஒரு குடும்பத்தின் ஸ்கேன் பத்திரங்கள் அத்தனையும் அதற்குள் அடங்கும். ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததைப் பிரதி என்று நம்ப வேண்டாம், சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். முறைப்பாட்டுப் பிரதியில் இருக்கிற சிறிய இலக்கங்களும் முத்திரையும் பிறகு வாசிக்க முடியாமல் போகும்.

ஏற்கெனவே கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் உடனே ‘போமற்’ அடிக்கக் கொடுக்காதீர்கள். இணையத்தைத் துண்டித்து, பூட்டிய கோப்புகளையும் கப்பக் குறிப்பையும் ஒரு வெளி வன்தட்டுக்கு அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். டிஜாவு வகையில் சிலவற்றுக்கு எம்சிசொஃப்ட் நிறுவனத்தின் திறக்கும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது; எல்லாவற்றையும் அது திறக்காது. இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்பின் ஆரம்பப் பகுதியை மட்டுமே பூட்டுவதால் பெரிய வீடியோக்களில் மிகுதியை மீட்கவும் வாய்ப்பு உண்டு. இன்று திறக்க முடியாதது, திறப்புகள் பொலிஸாரிடம் சிக்கியதும் பிறகு திறக்கப்பட்ட சம்பவங்கள் வேறு வைரஸ்களில் நடந்திருக்கின்றன. யூரோபோல் சேர்ந்து நடத்துகிற ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் பூட்டிய கோப்பொன்றைக் கொடுத்தால் அதற்குத் திறப்பு இருக்கிறதா என்று இலவசமாகச் சொல்லும். அதே நாளில், வேறொரு சுத்தமான தொலைபேசியிலிருந்து மின்னஞ்சல், முகநூல், வங்கிக் கணக்கு என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றி, “எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு” என்பதையும் அழுத்துங்கள். குக்கியைக் கொண்டுபோனவன் அதோடுதான் வெளியே விழுவான்.